செயற்கைக்கோள் கோட்டை நீக்க மீடியனா, சிக்மா கிளிப்பிங்கா?

ஆண்ட்ரோமீடா கேலக்ஸியை ஒரு மணி நேரம் படமெடுத்தால் சில ஃபிரேம்களிலாவது செயற்கைக்கோள் கோடு விழத்தான் செய்யும். அந்த ஃபிரேம்களைத் தூக்கிப் போட வேண்டாம். ஸ்டாக் செய்யும்போதே, அதாவது எல்லா ஃபிரேம்களையும் ஒரே படமாகச் சேர்க்கும்போதே, கோட்டை நீக்கிவிடலாம்.

மீடியன், ஒவ்வொரு பிக்சலிலும் எல்லா ஃபிரேம்களின் மதிப்புகளில் நடுவில் இருப்பதை எடுக்கும். இதில் அமைக்க எதுவுமில்லை. எட்டுப் பத்து ஃபிரேம் இருந்தாலே கோடு போய்விடும். ஆனால் ஃபிரேம்களுக்குச் சராசரி எடுப்பதைவிட இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான குறை) ஏறத்தாழ 25% கூடும். கேலக்ஸியின் மங்கிய வெளிக்கரங்கள்தான் அதில் முதலில் அடிபடும்.

சிக்மா கிளிப்பிங், ஒவ்வொரு பிக்சலிலும் விலகி நிற்கும் மதிப்பை மட்டும் தள்ளிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுக்கும். 30 ஃபிரேமுக்கு மேல் இருந்தால் யோசிக்காமல் இதையே எடுங்கள். எவ்வளவு விலகினால் தள்ளுவது என்ற வரம்பை 3 சிக்மா (சிக்மா என்பது மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) என்று வைத்து 10 ஃபிரேம் மட்டும் கொடுத்தால் கோடு அப்படியே நிற்கும். கோடே சிக்மாவை ஊதிப் பெருக்கிவிடுவதால், பத்து மதிப்புகளில் எதுவுமே 3 சிக்மாவைத் தாண்ட முடியாது. மென்பொருளைத் திட்டிப் பயனில்லை, கணக்கே அப்படி. ஆகவே நகர வானத்தில் 5 நிமிடம் வீதம் 12 எடுப்பதைவிட 1 நிமிடம் வீதம் 60 எடுப்பது மேல்.

கோட்டின் ஓரம் மங்கலாகத் தங்கினால் மேல் வரம்பை மட்டும் 2.5க்கு இறக்குங்கள். எல்லா ஃபிரேம்களின் பின்னணி வெளிச்சத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் நார்மலைசேஷனை அணைத்துவிடாதீர்கள், அணைத்தால்: நிலா ஏற ஏறப் பின்னணி வெளுத்து, சிக்மா பெருத்து, கோடு தப்பிவிடும்.