ஆயில் லைட்டுக்கு சாஃப்ட்வேர் அப்டேட்: ஒரே பிக்கப், இரண்டு சர்வீஸ் சென்டர்

கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றும் பிக்கப் என்னுடையது. 2021 மாடல், பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த டீசல் வண்டி, 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஓட்டுவது என் அக்கா மகன். ஒரு நாள் விடியற்காலை ஐஸ் பெட்டிகளோடு முழு லோடு, அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் நெரிசலில் நின்றபோது போன் செய்தான். "மாமா, ஆயில் லைட் சிவப்பா எரியுது. ஆக்சிலேட்டர் மிதிச்சா அணைஞ்சிடுது, விட்டா மறுபடி எரியுது. மார்க்கெட் கிட்டதான இருக்கு, மெதுவா போயிடட்டுமா?" இஞ்சினை உடனே அணை, ஒரு அடி கூட நகர்த்தாதே என்றேன். மீனை வேறு வண்டியில் மாற்றி அனுப்பினோம், அன்றைய வாடகை கையை விட்டுப் போனது. ஆனாலும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆயில் அழுத்தம் போதவில்லை என்று சொல்லும் அந்தச் சிவப்பு லைட்டோடு இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டினால் பேரிங் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அது தாங்கும் கிராங்க் தண்டு, அப்புறம் இஞ்சின் மொத்தமும் பிரிக்க வேண்டியதுதான்.

டோ பண்ணி கடலூருக்கே கொண்டு வந்து, வண்டிக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் விட்டேன். பெயர் வேண்டாம். நன்றாகத்தான் பேசினார்கள், ஏசி அறையில் உட்கார வைத்தார்கள். லேப்டாப்பைச் செருகிப் பார்த்துவிட்டு, "சார், இதுக்குன்னே கம்பெனி அப்டேட் விட்டிருக்கு, போட்டா சரியாயிடும்" என்றார் அட்வைசர். முக்கால் மணி நேரம். பில்லில் ஒரே வரி: ஈசிஎம் (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ரீபுரோகிராமிங், ஜிஎஸ்டியோடு சேர்த்து 1,770 ரூபாய். வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டினார்கள், லைட் இல்லை.

எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. அந்த அப்டேட் எதை மாற்றியது? பம்ப் ஆயிலைத் தள்ளும் அழுத்தத்தையா, அல்லது லைட் எரிய வேண்டிய நேரத்தையா? மூன்று பேரிடம் கேட்டேன். "கம்பெனி அனுப்பினது சார்" என்பதைத் தாண்டி யாரிடமும் பதில் இல்லை.

ஒன்பதாம் நாள் மறுபடி லைட். இந்த முறை மார்க்கெட்டில் மீனை இறக்கிய பிறகு, வெறும் வண்டியில், மரப்பாலம் சிக்னலில். கிட்டத்திலேயே புதுச்சேரியில் அதே கம்பெனிக்கு இன்னொரு சர்வீஸ் சென்டர் இருக்கிறது, அங்கே இழுத்துக்கொண்டு போனோம். நான் எழுத வந்ததே இவர்களைப் பற்றித்தான்.

அங்கே இருந்த சூப்பர்வைசர் எடுத்த எடுப்பில் லேப்டாப் பக்கம் போகவில்லை. முதலில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினார். துடைத்து, மறுபடி விட்டு எடுத்து என் முன்னால் பிடித்தார். ஆயில் மேல் கோட்டுக்கும் இரண்டு விரல் மேலே நின்றது. ஊற்றாத ஆயில் எப்படி ஏறும்? மோந்து பாருங்கள் என்றார், டீசல் வாடை. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டார். நடுவில் கறுப்பு, அதைச் சுற்றி எண்ணெய்ப் பலகாரம் வைத்த தாள் மாதிரி ஒளி ஊடுருவும் ஒரு வளையம் பரவிக்கொண்டே போனது. அந்த வளையம்தான் டீசல் என்றார்.

அப்புறம் ஆயில் ஃபில்டர் பக்கத்தில் இருந்த ஆயில் சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் அடாப்டர் போட்டு அழுத்தத்தைக் காட்டும் முள் வைத்த கேஜை மாட்டினார். இந்த இடத்தை எல்லா வண்டிக்காரர்களும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டு லைட் என்பது ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அழுத்தம் கிட்டத்தட்ட அரை பாருக்குக் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) கீழே போனால் எரியும், மேலே இருந்தால் அணையும். உள்ளே 0.6 இருக்கிறதா 2.6 இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. லைட் அணைந்தது என்றால் அந்தக் கோட்டைத் தாண்டியது என்று மட்டும்தான் அர்த்தம். ஆயில் குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருக்கும், முள் தாராளமாக நிற்கும், அதனால் அந்த நேரத்து அளவை நம்பக் கூடாது என்று சொல்லிவிட்டு, அழுத்தம் விழாதபடி ஆர்பிஎம்மை, அதாவது இஞ்சின் சுற்றும் வேகத்தை, ஏற்றி வைத்து இஞ்சினைச் சூடாக்கினார். சூடானதும் காலை எடுத்தார். சூடான ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இஞ்சின் சும்மா ஓடும்போது, 0.4 பார். அவர்களுடைய சர்வீஸ் குறிப்பில் இந்த இஞ்சினுக்குக் குறைந்தது 1 பார் வேண்டும் என்று இருந்தது. 2,000 ஆர்பிஎம்மில் 1.9. முள் நடுங்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்தபோது, ஒன்பது நாள் கிட்டத்தட்ட இந்த அழுத்தத்தில் லோடு அடித்திருக்கிறோமே என்று வயிற்றைக் கலக்கியது.

டீசல் ஆயிலில் எப்படிக் கலந்தது என்பதை அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது, முடிந்தவரை அப்படியே சொல்கிறேன். இந்த வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் இருக்கிறது. அதில் கரி சேர்ந்ததும் அதை எரிக்க இஞ்சின் கொஞ்சம் டீசலைக் கூடுதலாக, தாமதமாகப் பீய்ச்சி சைலன்சர் சூட்டை ஏற்றும். அதற்கு ரீஜென் என்று பெயர். அப்படிப் பீய்ச்சும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரோடு வழிந்து ஆயிலில் இறங்கும். ரீஜென் முழுதாக முடிந்தால் பெரிய பாதகம் இல்லை. பாதியில் இஞ்சினை அணைத்தால் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து, மறுபடி டீசல். எங்கள் வண்டி ஒரு நடைக்கு 25 கிலோமீட்டர்தான் ஓடும், அதிலும் தவளக்குப்பத்தில் ஒரு பெட்டி, முதலியார்பேட்டையில் இரண்டு பெட்டி என்று நிறுத்தி நிறுத்தி இறக்கும். ஒவ்வொரு இடத்திலும் டீசல் மிச்சம் என்று இஞ்சினை அணைப்பான் பையன். ஆயில் தண்ணீராகிவிட்டது. தண்ணீரான ஆயில் பேரிங் இடைவெளியில் நிற்காமல் வழிந்துவிடும், அழுத்தம் நிற்காது.

இப்போது அந்த அப்டேட். லேப்டாப்பைத் திருப்பி, கடலூரில் போட்டதன் விவரத்தைக் காட்டினார். அது நல்ல அப்டேட்தான், எங்கள் பிரச்சினைக்காகவே எழுதப்பட்டது. ஐடிலிங் வேகம் 800 ஆர்பிஎம்மிலிருந்து 850 ஆகிறது, ரீஜென் நடக்கும்போது டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் குறி வரும், டிரைவர் அதைப் பார்த்து இஞ்சினை அணைக்காமல் இருக்க வேண்டும். ஆனால் அதே குறிப்பில் முதலில் ஆயில் அளவைப் பார், கேஜ் போடு, ஆயிலும் ஃபில்டரும் மாற்று, கடைசியில் புரோகிராம் போடு என்று வரிசை இருந்தது. கடலூர் சென்டரில் கடைசி வரியை மட்டும் செய்திருக்கிறார்கள். ஆயில் பம்ப் கிராங்கோடு சுற்றுவது, வேகம் 50 கூடியதில் அழுத்தம் மயிரிழை ஏறி சுவிட்சின் கோட்டைத் தாண்டியது, லைட் அணைந்தது. ஆயில் இன்னும் நீர்த்ததும் திரும்ப எரிந்தது. இதைவிட என்னைக் கோபப்படுத்தியது அந்த மஞ்சள் குறி. அப்டேட்டுக்குப் பிறகு புதிதாக ஒரு குறி வருகிறது என்று பையன் சொல்லியிருந்தான். அது என்னவென்று வண்டியை ஒப்படைத்த அன்று ஒருவர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், அந்த ஒன்பது நாளும் அதைப் பார்த்துக்கொண்டே இஞ்சினை அணைத்திருக்க மாட்டான்.

பழைய ஆயிலை வடித்ததும் ஃபில்டரை அறுத்து, உள்ளே இருந்த மடிப்புத் தாளை விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். பேரிங் தேய்ந்திருந்தால் அதில் சீவல் மினுங்கும். சம்ப்பில் (இஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) வடித்த ஆயிலிலும் காந்தத்தை விட்டு அலசினார்கள். ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. டிபிஎஃப் வண்டிக்கான, எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் லோ ஆஷ் ஆயில் ஊற்றி, சூடாக்கி மறுபடி கேஜ். ஐடிலிங்கில் 1.2, 2,000-ல் 3.3. இரண்டு அளவையும் ஜாப் கார்டில் எழுதி, முன்பு இருந்ததையும் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கேஜ் சோதனைக்கு 500 ரூபாய், எல்லாம் சேர்த்து 6,900 சொச்சம்.

குறையும் சொல்ல வேண்டும். காலை 8 மணிக்கு விட்ட வண்டி மாலை 6 மணிக்குத்தான் கைக்கு வந்தது, நாளைக்கு லோடு இருக்கிறது என்று இரண்டு தரம் சொல்லியும் வேகம் இல்லை. கம்பெனிக் குறிப்பைக் காட்டினார்களே தவிர போட்டோ எடுக்க விடவில்லை. வண்டி என்னுடையது, அதன் மூளையில் என்ன மாறியது என்று ஒரு காகிதம் கேட்க எனக்கு உரிமை இல்லையா?

சாஃப்ட்வேரே ஏமாற்று என்று பேசுகிறவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. 2018-லிருந்து 2020 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் 5 லிட்டர் இஞ்சின் ஆயிலைக் குடித்தபோது, ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறையும் நேரத்தில் இஞ்சினுக்குள் ஏற்படும் இழுவையைக் குறைக்க புரோகிராமைத்தான் மாற்றினார்கள், கூடவே டிப்ஸ்டிக்கையும். ஆனால் எல்லாவற்றையும் புரோகிராம் தீர்க்காது. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் 6.2 லிட்டர் வி8 பிக்கப்களையும் எஸ்யூவிகளையும் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் திரும்ப அழைத்தது. கிராங்கிலும் கனெக்டிங் ராடிலும் தயாரிப்புக் குறை. சோதனையில் தேறிய வண்டிகளுக்கு 0டபிள்யூ-20 ஆயிலுக்குப் பதில் கெட்டியான 0டபிள்யூ-40 ஊற்றினார்கள், தேறாததற்கு இஞ்சின் வேலை. அடைத்த ஸ்ட்ரெய்னரையும் (பம்ப்புக்கு முன்னால் ஆயிலை வடிகட்டும் சல்லடை) தேய்ந்த பேரிங்கையும் எந்த லேப்டாப்பும் சரிசெய்யாது, அழுத்தம் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று காட்டுவது அந்த 500 ரூபாய் கேஜ் சோதனைதான்.

மதிப்பெண் கேட்டால் கடலூர் இடத்துக்கு ஐந்துக்கு ஒன்றரை, புதுச்சேரி இடத்துக்கு நாலு. உங்கள் வண்டிக்கும் ஆயில் லைட்டுக்காக அப்டேட் போடலாம் என்றால், சூடான ஐடிலிங்கில் எத்தனை பார் என்று போடும் முன் ஒரு தரம், போட்ட பின் ஒரு தரம் எழுதி வாங்குங்கள்.

மூன்று மாதம் ஆகிறது, லைட் வரவில்லை. மஞ்சள் குறி வந்தால் பையன் இப்போது இஞ்சினை அணைப்பதில்லை, கிருமாம்பாக்கம் பக்கம் ரோடு காலியாக இருக்கும்போது சீராக ஓட்டி முடித்துவிடுகிறான். ஞாயிறுதோறும் டிப்ஸ்டிக் பார்த்து எனக்கு போட்டோ அனுப்புகிறான். அடுத்த ஆயில் மாற்றம் 1,22,000-ல், அன்றைக்கும் கேஜ் போட வேண்டும் என்று அந்த சூப்பர்வைசரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.