மின்சாரக் காருக்குப் பிறேக் வேலை: கோண்டாவில் கராஜ் ஒன்றைப் பற்றி

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், பலாலி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் சிறிய கராஜில் எங்கள் நிசான் லீஃப் மின்சாரக் காரின் முன் இடப்பக்கப் பிறேக் கலிப்பரை அண்மையில் மாற்றினோம். சில்லோடு சுற்றும் டிஸ்க்கை, பாட் எனப்படும் இரு உராய்வுத் தட்டுகளால் இறுக்கிப் பிடிக்கும் பாகமே கலிப்பர். 24 கிலோவாட் மணி பற்றறி உள்ள பழைய வகைக் கார் அது. வேலை நன்றாகவே முடிந்தது என்றாலும், கழற்றுவதற்கு முன்னர் அவர்கள் பிழையைத் தேடிய விதத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

காலையில் பற்றறி முழுதாக ஏறிய நிலையில் புறப்பட்டால் முதல் சில சந்திகளில் பிறேக் பிடிக்கும்போது கார் இடப்பக்கம் இழுக்கும்; சிறிது தூரம் ஓடியபின் அந்த இழுவை குறைந்துவிடும். இடச் சில்லில் கருகல் மணம் இருந்தது. ஒரு முறை சார்ஜ் செய்தால் ஓடும் தூரமும் குறைந்துகொண்டு வந்தது. முன்னர் காட்டிய வேறொரு கராஜில் பிறேக் பாட்களை மட்டும் மாற்றி, தூரம் குறைவதற்குப் பற்றறி பழுதாகி வருவதே காரணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாட் மாற்றியும் இழுவை நிற்கவில்லை.

இங்கே பாஸ் கேட்ட முதற்கேள்வியே, இழுக்கும்போது பற்றறியில் எவ்வளவு சார்ஜ் இருந்தது என்பதுதான். மின்சாரக் காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டரே செய்து, அந்தச் சக்தியை மின்னாக்கிப் பற்றறிக்குத் திருப்பி அனுப்புகிறது. பற்றறி நிறைந்திருக்கும்போது அந்த மின்னுக்குப் போக இடமில்லாததால் முழுச் சுமையும் பாட்களின் மேல் விழுகிறது. அப்போதுதான் கலிப்பரின் குறை வெளியே தெரிகிறது. இதை உறுதிப்படுத்த அவர் காரை ஒழுங்கையில் ஓட்டி, நியூட்ரலில் போட்டுப் பிறேக் பிடித்துப் பார்த்தார். நியூட்ரலில் மோட்டரின் உதவி இல்லை என்பதால் இழுவை உடனே தெரிந்தது.

பிறகு வெப்பமானியால் இரு முன் சில்லுகளின் டிஸ்க்குகளையும் அளந்தார். இடப்பக்கம் பல மடங்கு சூடாக இருந்தது. பற்றறிப் பெட்டி காரின் அடித்தளத்தில் இருப்பதால், அதில் படாமல் ஓரச் சட்டத்தில் குறித்த இடத்தில் ஜாக்கை வைத்துத் தூக்கினார். சில்லைக் கையால் சுற்ற மிகவும் கடினமாக இருந்தது. அதன்பின் கலிப்பரின் காற்று நீக்கும் திருகைச் சற்றுத் தளர்த்தி, உள்ளே இருக்கும் பிறேக் எண்ணெயின் அழுத்தத்தை விடுவித்தார். சில்லு அப்போது இலகுவாகியிருந்தால், எண்ணெய் திரும்ப விடாமல் ரப்பர் குழாய் உள்ளே அடைத்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். இலகுவாகவில்லை. அதனால் பிழை கலிப்பரில்தான் என்று, அதைக் கழற்றுவதற்கு முன்னரே தெரிந்துவிட்டது.

கழற்றியபோது உட்புறப் பாட் இரும்பை எட்டும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. வெளிப்புறப் பாட் ஏறத்தாழப் புதிதாகவே இருந்தது. "பாட்களிலை பிழை இல்லை அண்ணை, கலிப்பர்ப் பின் இறுகிப்போச்சு" என்று சொல்லி, கலிப்பர் வழுக்கி ஓட வேண்டிய பின்னைக் காட்டினார். யாரோ சாதாரணக் கிறீஸைப் பூசியிருந்ததால் அதன் ரப்பர் உறை ஊதிப் பிசுபிசுத்துப் போயிருந்தது; பெற்றோலிய எண்ணெய் கலந்த கிறீஸ் இந்த வகை ரப்பருக்கு ஆகாது. பாட்டைத் தள்ளும் பிஸ்டனின் தூசு உறையும் கிழிந்து, உள்ளே துருப்பிடித்துக் குழிகள் விழுந்திருந்தன. பண்ணைப் பாலத்தால் அடிக்கடி தீவுப்பகுதிக்குப் போய்வரும் கார் உப்புக் காற்றிலிருந்து தப்ப முடியாது. அதோடு மின்சாரக் காரில் கலிப்பருக்கு வேலை குறைவு என்பதால், பூட்டிக் கிடக்கும் வீட்டுக் கேற்றின் பிணைச்சல் போல அது இறுகிவிடுகிறது.

ரப்பர்களை மட்டும் மாற்றிச் சமாளிக்கலாமா என்று கேட்டேன். குழி விழுந்த பிஸ்டன் புது ரப்பரையும் கெடுத்துவிடும் என்று மறுத்துவிட்டார். அது சரியான முடிவு. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து மீள்சீரமைத்த கலிப்பர் ஒன்றை வரவழைத்தார்கள். முதலில் வந்தது வலப்பக்கத்துக்குரியது. பொருத்தினால் காற்று நீக்கும் திருகு கீழே வந்து, காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும் என்பதால், பெட்டியைத் திறந்த உடனேயே அதைத் திருப்பி அனுப்பினார்.

பொருத்தும் வேலையில் என்னைக் கவர்ந்தது அவருடைய நிதானம். இந்தக் காரில் பிறேக் அழுத்தத்தை மின்சாரக் கருவி உண்டாக்குவதால், அது தானாக இயங்கிவிடாதபடி பெரிய பற்றறிக்குப் புறம்பாக உள்ள 12 வோல்ட் பற்றறியின் இணைப்பை முதலில் கழற்றினார். குழாய் முனைக்குப் புதிய செப்பு வாஷர்கள், பின்களுக்குப் பிறேக்குக்கென்றே உள்ள சிலிக்கன் கிறீஸ், இரு முன் சில்லுகளுக்கும் புதிய பாட்கள் போட்டார்; டொட் 3 வகைப் பிறேக் எண்ணெயை, அது ஈரத்தை உறிஞ்சும் என்பதால், சீல் உடைக்காத போத்தலை என் முன்னால் திறந்தே ஊற்றினார். நட்டுகளை, எவ்வளவு இறுக்கியது என்று அளவுகாட்டும் ஸ்பானரால் இறுக்கினார். இப்போது இழுவை இல்லை, மணமும் இல்லை. ஓடும் தூரமும் மீண்டிருக்கிறது.

குறைகளும் உண்டு. கூரை ஒரு காருக்கு மட்டும்தான்; மழை வந்தால் உங்கள் வேலை நின்றுவிடும். காத்திருப்பதற்கு ஒரு வாங்கைத் தவிர வேறெதுவும் இல்லை. பற்றுச்சீட்டில் பொருளுக்கும் கூலிக்கும் சேர்த்து ஒரே தொகையை எழுதுகிறார்கள். பிரித்துத் தரும்படி நானே கேட்க வேண்டியிருந்தது. பாகங்களின் விலை டொலரோடு ஏறி இறங்குவதால் தொகையை இங்கே எழுதிப் பயனில்லை. கூலி கலிப்பரின் விலையைவிடக் கணிசமாகக் குறைவு. வங்கி அட்டை ஏற்பதில்லை. செம்மஞ்சள் நிற உயர் மின்னழுத்த வயர்களைத் தாம் தொடுவதில்லை என்று அவரே முதலில் சொல்லிவிடுகிறார். எனவே பற்றறி, மோட்டர் வேலைக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். பிறேக், சஸ்பென்ஷன் வேலைகளுக்கு நான் இங்கேதான் போவேன், ஆனால் முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான்.