புரமோஷன் வேணாம்ங்கிற செட்டர்: சூப்பர்வைசர் ஆக்கறதா, அப்படியே விடறதா, தனி கிரேடு குடுக்கறதா?

கோயமுத்தூர் பக்கம் சிஎன்சி ஷாப்புல (கம்ப்யூட்டர் கன்ட்ரோல்ல ஓடற மெஷின்ல உலோகத்தைக் கடையற எடம்) புரொடக்‌ஷன் பாக்கறவங்க எல்லாருக்கும் இந்தப் பிரச்சினை ஒரு நாள் வரும். நல்ல செட்டர் (மெஷின்ல டூல மாட்டி, சைஸ் சரியா வர்ற மாதிரி செட் பண்றவரு), வேலை சுத்தம், சொல்லாம லீவு போட மாட்டாரு, சரி இவரையே சூப்பர்வைசரா போட்டுடலாம்னு கூப்பிட்டுப் பேசினா, "வேண்டாங்க சார், எனக்கு மெஷினே போதும்"ங்கறாரு. எங்க ஷாப்புல மூணு வழியையும் போட்டு அலசிட்டு தனி கிரேடுன்னு முடிவு பண்ணி இப்ப அதுலதான் ஓட்டிட்டு இருக்கோம், அதனால அந்தப் பக்கம்தான் நான் ஜாஸ்தி எழுதுவேன், முன்னாடியே சொல்லிடறேன்.

முதல் வழி, பேசிப் பேசி சம்மதிக்க வெச்சு சூப்பர்வைசர் ஆக்கறது. இதுல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஷிஃப்டுக்கு ஆள் வரலைன்னா ஃபோன் அடிக்கணும், பீகார், ஒடிசா பசங்ககிட்ட ஹிந்தில பேசி வேலை வாங்கணும், சாயங்காலம் ரிப்போர்ட் குடுக்கணும். இதெல்லாம் பிடிக்காதவர உள்ள தள்ளினா நல்ல செட்டரும் போயிடுவாரு, நல்ல சூப்பர்வைசரும் கிடைக்க மாட்டாரு. ஆனா "வேண்டாம்"னு ஒரு தடவை சொன்னத வாழ்நாள் பூரா பிடிச்சுக்கவும் கூடாது. குழந்தை சின்னதா இருக்கறப்ப வேண்டாம்னவங்க, நாலு வருஷம் கழிச்சு சரின்னு சொல்லலாம். வருஷம் ஒரு தடவை கேட்டுட்டே இருங்க.

ரெண்டாவது வழி, அப்படியே விட்டுட்டு வருஷா வருஷம் இன்கிரிமென்ட் மட்டும். முதலாளிங்களுக்கு இதுதான் பிடிக்கும், செலவு கம்மி. ரெண்டு மூணு வருஷம் நல்லாத்தான் போகும். அப்புறம் புதுசா வர்ற டிப்ளமோ பையன் கிட்டத்தட்ட இவரு சம்பளத்துலயே உள்ள வருவான், அவனுக்கு வேலை கத்துக் குடுக்கறதும் இவராத்தான் இருக்கும். அன்னிக்கு மனசு விட்டுடும். பக்கத்து ஷாப்புக்காரன் ரெண்டாயிரம் சேத்துக் குடுத்தா கிளம்பிடுவாரு, அதை நாம தப்புன்னு சொல்லவும் முடியாது.

போனா என்ன நஷ்டம்னு கேக்கறவங்களுக்கு ஒரே ஒரு வேலைய சொல்றேன். மோட்டார் எண்ட் கவர்ல 6205 பேரிங் உக்கார்ற 52 எம்எம் போர் (துளை), அதுக்கு டாலரன்ஸ் (சைஸ்ல விடற ஏத்த இறக்கம்) மொத்தமே 30 மைக்ரான். காலைல மெஷின் குளிர்ந்து கிடக்கறப்ப வர்ற முதல் பீஸும், ஸ்பிண்டில் நல்லா சூடானப்புறம் வர்ற பீஸும் ஒரே சைஸ்ல இருக்காது. எங்க செட்டர், கவர் சக்குல (பீஸப் பிடிச்சுக்கற பாகம்) இருக்கறப்ப ஒரு தடவை போர் கேஜ் விட்டுப் பாப்பாரு, கழட்டினப்புறம் கவரைத் திருப்பித் திருப்பி ரெண்டு மூணு எடத்துல மறுபடி பாப்பாரு. கழட்டினப்புறம் ஓவல் காட்டுதுன்னா ஆஃப்செட்ட (டூல் வெட்டற அளவைத் திருத்தற நம்பர்) தொடவே மாட்டாரு, இறுக்கிப் பிடிச்சதுலதான் வளையுதுன்னு சக் பிரஷரைக் குறைப்பாரு. புதுப் பையன் அதே எடத்துல ஆஃப்செட்ட மாத்தி மாத்தி ஒரு ட்ரே பீஸ ரிஜெக்ட் பண்ணிடுவான். இந்த ஆள மெஷின விட்டு எடுக்கவும் கூடாது, பக்கத்து ஷாப்புக்கு விடவும் கூடாது.

மூணாவது வழி, தனி கிரேடு. செட்டர், சீனியர் செட்டர், மாஸ்டர் செட்டர்னு படி வெச்சு, மேல் படில சூப்பர்வைசருக்கு நிகரான சம்பளம், ஆனா கீழ ஆள் கிடையாது. முதல் பீஸ் அப்ரூவல் அவரு கையெழுத்து, ஷிஃப்ட் தேர்வுல அவருக்கு முன்னுரிமை, ஒரு நேரத்துல ஒரே ஒரு பையனுக்கு ட்ரெய்னிங், அவ்வளவுதான்.

இதுல எல்லாத்தையும் தீர்மானிக்கறது 21,000ங்கற நம்பர்தான். நிறைய மேனேஜருங்க இதைப் பாக்கவே மாட்டேங்கறாங்க. ஈஎஸ்ஐல (தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் குடுக்கற அரசு காப்பீடு) சேர்றதுக்கான மாச சம்பள வரம்பு 2017 ஜனவரில 15,000லேர்ந்து 21,000 ஆச்சு, போனஸ் சட்டத்துலயும் 2015 திருத்தத்துல 10,000லேர்ந்து அதே 21,000 ஆக்கினாங்க. இப்ப 20,000 வாங்கற செட்டர 23,000க்கு சூப்பர்வைசர் ஆக்கறோம்னு வெச்சுக்கங்க. 26 நாள், எட்டு மணி நேரம்னு பிரிச்சா மணிக்கு 96 ரூபா, ஓவர்டைம் ரெட்டிப்புன்னா 192. மாசம் இருபது மணி நேரம் ஓவர்டைம் பாக்கறவருக்கு அதுலயே கிட்டத்தட்ட 3,850 வருது. சூப்பர்வைசர் ஆயிட்டா பெரும்பாலான ஷாப்புல ஓவர்டைம் கிடையாது. ஆக மூவாயிரம் ஏத்திக் குடுத்து 3,850ஐ எடுத்துட்டோம், அதோட குடும்பத்துக்கே இருந்த ஈஎஸ்ஐ வைத்தியம் போச்சு, தீபாவளி போனஸ் சட்டப்படி குடுத்தாகணும்ங்கறதும் போச்சு. வீட்ல அப்பாவுக்கு சர்க்கரை, சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரில மாத்திரை வாங்கிட்டு இருக்காங்கன்னா அந்த மனுஷன் ஏன் சரின்னு சொல்வாரு? லட்சியம் இல்லாத ஆளுன்னு நாம பேர் வெச்சுடறோம், அவரு கணக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் வேண்டாம்ங்கறாரு.

தனி கிரேடுலயும் இந்த 21,000 வரம்ப ஒரு நாள் தாண்டித்தான் ஆகணும். ஆனா அவரு மெஷின்லயே வேலை பாக்கற தொழிலாளிதான், அதனால சம்பளம் எவ்வளவு ஏறினாலும் ஓவர்டைம் போகாது, பெரிய வித்தியாசம் இதுதான். மத்தபடி தாண்டற விதம் முக்கியம். 20,500லேர்ந்து 21,300ன்னு ஏத்தறது அவருக்குப் பண்ற கெடுதல், தாண்டினா ஒரே தாவா 24,000க்கு மேல போகணும், போனஸ கம்பெனியே விருப்பப்பட்டுத் தொடரணும், மெடிக்ளெய்ம்ல அப்பா அம்மாவையும் சேக்கணும். அலவன்ஸ்னு பிரிச்சு வரம்புக்குக் கீழ வெக்கற வேலைய மட்டும் பண்ணாதீங்க, இன்ஸ்பெக்‌ஷன்ல நிக்காது. இன்னொண்ணு, ஏத்தற மாசம். ஈஎஸ்ஐ கணக்கு ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச்னு ஓடுது, நடுவுல வரம்பத் தாண்டினா அந்தப் பீரியட் முடியற வரைக்கும் கட்டித்தான் ஆகணும். ஏப்ரல் 1ல ஏத்தாம மே மாசத்துல ஏத்தினா செப்டம்பர் வரைக்கும் பிடித்தம் போகும், அதுக்கான பலன் அடுத்த வருஷம் ஜூன் வரைக்கும் நிக்கும். ஒரு மாசம் தள்ளிப் போடறதுல ஆறு மாச வைத்தியம்.

தனி கிரேடுல சிக்கலே இல்லன்னு சொல்ல மாட்டேன். மாஸ்டர் செட்டர் சம்பளம் சின்ன வயசு சூப்பர்வைசரத் தாண்டறப்ப முணுமுணுப்பு வருது. எந்த ஜாப் எப்ப ஓடணும்ங்கறது சூப்பர்வைசர், எப்படி ஓடணும்ங்கறது செட்டர்னு பிரிச்சு வெச்சிருக்கோம், இப்போதைக்கு ஓடுது, ரொம்ப வருஷத்துக்குத் தாங்குமான்னு இன்னும் பாக்கல. ஆபீஸ் ஸ்டாஃப், ஐடி பக்கம் இது எப்படிப் பொருந்தும்னு எனக்கு அனுபவம் இல்ல. பத்து பேர் கூட இல்லாத ஷாப்புக்கு மூணு கிரேடெல்லாம் அதிகம், அங்க ரெண்டாவது வழியோட இன்கிரிமென்ட்ட கொஞ்சம் தாராளமா போட்டா போதும்னு நினைக்கறேன்.

மேல போக வேண்டாம்ங்கறவரும், புதுசா எதையும் கத்துக்க மாட்டேங்கறவரும் ஒண்ணு இல்ல. ஃபேனக் கம்பெனி கன்ட்ரோல் இருக்கற மெஷின மட்டும்தான் தொடுவேன், புதுசா வந்த சீமென்ஸ் மெஷின் பக்கம் வரமாட்டேங்கறவருக்கு இந்த கிரேடு கிடையாதுன்னு லெட்டர்லயே தெளிவா எழுதிடுங்க. லெட்டர் தமிழ்ல இருக்கட்டும், அவரு வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் காட்டிட்டு, ரெண்டு நாள் கழிச்சு கையெழுத்துப் போடட்டும்.