தொப்புள்கொடி ரத்தமா, மஜ்ஜையா, கை நரம்பு ரத்தமா?

காய்ந்த தொப்புள்கொடியைத் தாயத்துக்குள் வைத்துக் கட்டிவிடுவார்களே, அதைக் காட்டி 'ஸ்டெம் செல்லை (புது ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்) நம் முன்னோர் அன்றே சேமித்தார்கள்' என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. காய்ந்த கொடியில் உயிருள்ள செல் எதுவும் மிஞ்சாது. சரக்கு இருப்பது, பிரசவத்தின்போது கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் தங்கும் ரத்தத்தில். அதையும் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைத்தால்தான் செல்கள் வருடக்கணக்கில் பிழைத்திருக்கும்.

ரத்தப் புற்றுநோய்க்கோ, தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்கோ இன்னொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றுவதற்கு மூன்று வழிகள் உண்டு. கொடையாளருக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சுவது ஒன்று. மஜ்ஜையைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் ஊசியை நாலைந்து நாள் போட்டு, ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்குள் இறங்கியதும் கை நரம்பிலிருந்து இயந்திரத்தால் பிரித்தெடுப்பது இரண்டாவது. மூன்றாவது தொப்புள்கொடி ரத்தம். ஸ்டெம் செல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மூன்றாவதற்கு வாய்ப்பே இல்லை. ஆனால் ஸ்டெம் செல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் நோயெதிர்ப்பு செல்களையும் கணக்கில் சேர்த்தால் கதை மாறுகிறது.

அந்த நோயெதிர்ப்பு செல்களில் ஒரு வகையான டி செல்கள், கொடையாளரிடமிருந்து வந்த புது உடம்பை அந்நியமாகப் பார்த்து, தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கக்கூடும். மருத்துவர்கள் இதை ஜிவிஹெச்டி என்பார்கள். அதே டி செல்கள்தான் ஒளிந்திருக்கும் புற்றுச் செல்லையும் தேடிக் கொல்கின்றன. அதனால் அவற்றை முழுசாக வடிகட்டவும் மனசு வராது.

கை நரம்பு ரத்தத்தில் இந்த டி செல்கள் மஜ்ஜையில் இருப்பதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. இரண்டு வாரத்தில் வெள்ளணுக்கள் ஏறிவிடும், கொடையாளருக்கும் சிரமம் குறைவு. விலை பின்னால் தெரியும். உறவினரல்லாத கொடையாளர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. இரண்டு ஆண்டுக்குள் நாள்பட்ட ஜிவிஹெச்டி வந்தவர்கள் கை நரம்பு ரத்தத்தில் 53 சதவீதம், மஜ்ஜையில் 41 சதவீதம். உயிர்பிழைத்தவர்கள் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. தலசீமியா போன்ற நோயில் கொல்லவேண்டிய புற்று எதுவும் கிடையாது. அங்கே மஜ்ஜைதான் என் தேர்வு.

தொப்புள்கொடி ரத்தத்தின் டி செல்கள் உலகத்தையே பார்க்காதவை. எந்தக் கிருமியோடும் மோதியதில்லை, அதனால் புது உடம்பிலும் அவ்வளவு சண்டை போடுவதில்லை. கொடையாளரும் நோயாளியும் பொருந்துகிறார்களா என்று பார்க்க உதவும் ஹெச்எல்ஏ அடையாளங்கள் ஆறில் நாலு பொருந்தினாலும் சமாளிக்கலாம். உறைந்த பை தயாராக இருக்கும், கொடையாளரைத் தேடி அலைய வேண்டாம். 1988இல் பாரிஸில் எலியான் குளுக்மன் இதை முதன்முதலில் செய்தார். ஃபான்கோனி ரத்தசோகை இருந்த அமெரிக்கச் சிறுவனுக்குத் தங்கையின் கொடி ரத்தம். சிறுவன் பிழைத்து வளர்ந்து பெரியவனாகிவிட்டான்.

அனுபவமில்லாத படையின் கஷ்டம் அடுத்து வருகிறது. வைரஸ்களை இது நினைவு வைத்திருப்பதில்லை. முதல் சில மாதங்களில் சைட்டோமெகலோ போன்ற வைரஸ்கள் ஆட்டம் காட்டும். ஒரு பையில் சுமார் 100 மில்லிதான் தேறும். மஜ்ஜையோடு ஒப்பிட்டால் ஸ்டெம் செல் பத்தில் ஒரு பங்கு. வெள்ளணு ஏற மூன்று நாலு வாரம் ஆகும், அதுவரை நோயாளி கிருமிகளுக்குத் திறந்த வீடு. பெரியவர்களுக்கு இரண்டு பை ஏற்றிப் பார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் கடைசியில் ஒரு பைதான் உடம்பில் நிலைக்கும். 2023இல் அமெரிக்கா அனுமதித்த ஓமிடுபிசெல், கொடி ரத்தச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கித் தருகிறது. ஆய்வில் வெள்ளணு ஏறும் காலம் 22 நாளிலிருந்து 12 நாளாகக் குறைந்தது.

இந்தப் போட்டியில் கொடி ரத்தத்தைப் பின்னுக்குத் தள்ளியது ஒரு பழைய மருந்து. பாதி மட்டும் பொருந்தும் அப்பா, அம்மா, பிள்ளையின் செல்லை ஏற்றிவிட்டு சைக்ளோஃபாஸ்பமைடு கொடுத்தால் ஜிவிஹெச்டி அடங்குகிறது. இதையும் இரட்டைப் பையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வில், இரண்டு ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் பாதிப் பொருத்தத்தில் 57 சதவீதம், இரட்டைப் பையில் 46 சதவீதம்.

அதற்காகக் கொடி ரத்தத்தைத் தூக்கிப்போட முடியாது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் அதிலிருந்து எடுத்த என்கே செல்களை (இன்னொரு வகை நோயெதிர்ப்பு செல்) மரபணு மாற்றி, 11 நிணநீர்ப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 8 பேருக்குப் பலன். 2020இல் வெளியான முடிவு இது. சின்ன ஆய்வுதான், ஆனால் நோயெதிர்ப்பு செல்லே மருந்தாகிறது.

அப்புறம், தனியார் வங்கியில் சேமிப்பது. குழந்தைக்குத் தலசீமியா இருந்தால் அதன் கொடி ரத்தத்திலும் அதே மரபணுக் கோளாறு இருக்கும். சிறுவயது ரத்தப் புற்றில் கோளாறின் விதை பிறக்கும்போதே விழுந்திருக்கலாம். குழந்தையின் சொந்த உபயோகத்துக்காகச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) பரிந்துரைக்கவில்லை. போதாததற்கு, அந்த ரத்தத்துக்குக் குழந்தையே போட்டிக்காரர்: கொடியை ஒரு நிமிடமாவது கழித்துக் கட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், இரும்புச்சத்து குழந்தைக்குப் போய்ச்சேர. மூத்த பிள்ளைக்குத் தலசீமியா இருந்து இரண்டாவது பிரசவம் நெருங்குகிறது என்றால் மட்டும் கணக்கு வேறு: பிறக்கும் குழந்தையின் கொடி ரத்தம் மூத்ததற்கு உதவலாம். பிரசவ தேதிக்கு முன்பே ரத்தநோய் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.