வளர்ந்துவிட்ட ஊருக்கு எந்தக் கடை வேண்டும்? மளிகை, சூப்பர் மார்க்கெட், உழவர் சந்தை, கூட்டுறவு அங்காடி: ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டின் நடுத்தர நகராட்சிகள் பலவற்றில் வீடுகள் புறவழிச்சாலையைத் தாண்டிப் போய்விட்டன. கடைவீதி மட்டும் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியே நிற்கிறது. மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியவர்கள் ஒரு கட்டுக் கீரைக்கும் வண்டியை எடுக்க வேண்டியிருக்கிறது. வண்டி ஓட்டத் தெரியாத முதியவர்கள் பிள்ளைகள் வேலையிலிருந்து திரும்பும் வரை காத்திருக்கிறார்கள். ஆகவே, "நம் பக்கமும் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் வந்தால் தேவலை" என்ற பேச்சு இப்பகுதிகளில் அடிக்கடி எழுகிறது. அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் விலை, தரம், தூரம், நேரம் ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு வகைக் கடையையும் எடைபோட்டுப் பார்த்தால், நாம் கேட்க வேண்டியது வேறொன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் மளிகைக் கடை. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் மாலைக்குள் மாதச் சாமான் வீட்டுக்கு வந்துவிடும். ஐம்பது கிராம் கடுகும் வாங்கலாம், கால் கிலோ உளுந்தும் வாங்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரியது கணக்கு நோட்டு. சம்பளம் தள்ளிப்போகும் மாதத்தில் அந்த நோட்டை நம்பியே அடுப்பெரியும் வீடுகள் இன்றும் ஏராளம். வேறெந்தக் கடையும் இந்த உதவியைச் செய்வதில்லை. குறை என்னவென்றால், சாக்கில் இருக்கும் பருப்பு எப்போது வந்தது என்று தெரியாது. விலைப்பட்டியல் கண்ணில் படாது. ரசீது கேட்டால்தான் கிடைக்கும். புதிய குடியிருப்புகளில் முளைக்கும் சிறு கடைகள் பால், முட்டை, பிஸ்கட் என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. முதல் குறைவாக இருப்பதால் சரக்கும் குறைவு, வாங்கும் விலையும் அதிகம்.

சூப்பர் மார்க்கெட் இந்தக் குறைகளில் பலவற்றைத் தீர்க்கிறது. பொருளைக் கையில் எடுத்து, தேதியைப் படித்து, வேண்டாமென்றால் திரும்ப வைத்துவிடலாம். பில் தெளிவாக வரும். இரவு ஒன்பது மணிக்கும் திறந்திருக்கும். சோப்பு, சலவைத்தூள், பற்பசை போன்றவற்றில் அங்கே கிடைக்கும் தள்ளுபடி உண்மையானது. ஆனால் குடும்பச் செலவின் பெரும்பங்கு அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறியில்தான் போகிறது. 2022 ஜூலை 18 முதல் பொட்டலமிட்டுப் பெயரொட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, சாக்கிலிருந்து சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் அந்த வரி இல்லை. அரிசிக் கடைகளில் 25 கிலோ சிப்பத்துக்குப் பக்கத்தில் 26 கிலோ மூட்டை வந்து உட்கார்ந்த காரணமும் இதுவே. எனவே, பளபளப்பான அரைக் கிலோ பாக்கெட்டில் துவரம்பருப்பு வாங்குபவர், பொட்டலக் கூலியோடு வரியையும் சேர்த்தே கொடுக்கிறார். காய்கறியைப் பொறுத்தவரை, மொத்தச் சந்தையிலிருந்து வந்து குளிர்பெட்டியில் ஓரிரு நாள் கிடந்த கத்தரிக்காய்க்கும் அன்று விடியலில் பறித்த கத்தரிக்காய்க்கும் உள்ள வித்தியாசம் காம்பைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பெரிய நிறுவனம் கணக்குப் பார்த்து வருகிறது. கணக்கு உதைத்தால் போய்விடுகிறது. 1997-இல் சென்னையில் தொடங்கி, மலிவு விலையால் பெயர் பெற்று, நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளாகப் பரவிய சுபிக்ஷா 2009-இல் பணநெருக்கடியால் மொத்தமாக மூடப்பட்டது. அதுபோன்ற ஒரு கடையின் போட்டியால் அக்கம்பக்கத்து மளிகைக் கடைகள் முன்பே மூடியிருந்தால், அந்தப் பகுதி மக்களுக்கு இரண்டும் இல்லாமல் போகும். பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் செயலிகளைப் பற்றி இங்கே அதிகம் பேச வேண்டியதில்லை. அவை நெருக்கமான மாநகரக் குடியிருப்புகளுக்காக அமைந்தவை, ஊர்க்கோடியில் சிதறிக் கிடக்கும் மனைப்பிரிவுகளுக்கு அவற்றை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதன்முதலாகத் திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற விவசாயி வாடகையும் இடைத்தரகும் இல்லாமல் உட்கார்ந்து விற்கிறார். தராசும் அரசே தருகிறது. மொத்த விலையைவிடச் சற்று அதிகமாகவும் வெளிச் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் அன்றாட விலை முடிவு செய்யப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒருசேர நன்மை தரும் இதைப்போன்ற இன்னொரு ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. காய்கறிக்கு இதற்கு ஈடு கிடையாது. தடையாக இருப்பவை நேரமும் தூரமும். காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் தம்பதியருக்கு ஊரின் மறுகோடியில் விடியலில் கூடும் சந்தையால் என்ன பயன்? உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் பயறு, சிறுதானியங்களை மாலையிலும் விற்கச் சில சந்தைகளில் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. அதைக் காய்கறிக்கும் விரிவுபடுத்தி, வாரத்தில் இரு மாலைகளிலாவது புதிய குடியிருப்புப் பகுதியில் நடத்தினால் பாதிக் குறை தீரும்.

மீதிப் பாதிக்கு விடை கூட்டுறவு அங்காடி. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-இல் தொடங்கியது. சென்னையில் காமதேனு, கோவையில் சிந்தாமணி என்று தலைமுறைகளாக மக்கள் அறிந்த பெயர்கள் இத்துறையில் உண்டு. நியாயவிலைக் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைத்தாலும், குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, ஒரு லிட்டர் என்பதே அளவு. அதற்கு மேல் தேவைப்படுவதை நியாயமான விலையில், சரியான எடையில், ரசீதோடு தரக்கூடிய இடம் கூட்டுறவு அங்காடிதான். ஆனால் பல ஊர்களில் அதன் நிலை வருத்தம் தருகிறது: பாதி அலமாரி காலி, ஒரே விற்பனையாளர், மதிய இடைவேளைக்குப் பூட்டு, மாலையில் சீக்கிரமே கதவடைப்பு. சரக்கு இல்லாததால் மக்கள் போவதில்லை. மக்கள் போகாததால் சரக்கு வருவதில்லை. இந்த நோய்க்கு மருந்து உண்டு. இது உறுப்பினர்களின் சொத்து என்பதால், நட்டம் வந்த மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு போகாது. நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் உரிமையும் உறுப்பினர்களுக்கு இருக்கிறது. தனியார் கடையில் அது நமக்குக் கிடையாது.

ஆகவே, வசதியில் சூப்பர் மார்க்கெட்டும், கடன் உதவியில் மளிகைக் கடையும், காய்கறியில் உழவர் சந்தையும் முந்தி நின்றாலும், புறவழிச்சாலைக்கு அப்பால் ஒரே ஒரு கடை திறக்க வாய்ப்பிருந்தால் அது கூட்டுறவு அங்காடியாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. நகராட்சி வார்டுகளில் 2022 முதல், அந்தந்தப் பகுதி மக்கள் தங்கள் தேவைகளைச் சொல்லும் பகுதி சபைகள் கூட்டப்படுகின்றன. அடுத்த கூட்டத்தில், "கடை வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காமல், நகராட்சிக்குச் சொந்தமான இடத்தில் கூட்டுறவு அங்காடியின் கிளை, இரவு எட்டரை வரை விற்பனை, நிறுத்து வாங்கும் வசதியோடு பருப்பும் அரிசியும், அதன் முன்புறத்திலேயே வாரம் இருமுறை மாலை உழவர் சந்தை என்று பெயர் சொல்லிக் கேட்டுத் தீர்மானமாகப் பதியச் செய்ய வேண்டும். அதன் நகலோடு, உறுப்பினராகச் சேர விரும்பும் குடும்பங்களின் கையெழுத்துப் பட்டியலையும் இணைத்துக் கூட்டுறவு இணைப்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தால், வாடிக்கையாளர் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி மனுவை ஒதுக்க முடியாது.