காரைக்குடியில் ஏற்றுமதி ஒப்பந்தம் சரிபார்க்கும் வக்கீல் அலுவலகம்

எங்களிடம் ஆத்தங்குடி டைல்ஸ் வாங்கும் சிங்கப்பூர் வியாபாரி அனுப்பிய ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், 'வழக்கு சிங்கப்பூர் நீதிமன்றங்களில் மட்டுமே' என்றிருந்த வரியை வக்கீல் பென்சிலால் வட்டமிட்டார். அடித்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன். பாக்கி நமக்கு வர வேண்டியது, வியாபாரியின் சொத்து அங்கே இருப்பது, ஆகவே அங்கே பெறும் தீர்ப்பே நேராகப் பணமாகும் என்றார். நம்மீது அங்கே தீர்ப்பானால், நீதிமன்றத் தேர்வு பற்றிய 2005ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேராதபோதிலும், சிங்கப்பூர் போல இந்தியா அறிவித்த நாடுகளின் தீர்ப்புகளுக்கான உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி, அயல்நாட்டுத் தீர்ப்பு எப்போது செல்லாது என்று சொல்லும் 13ஆம் பிரிவின் விதிவிலக்குகளுக்கு உட்பட்டு, இங்குள்ள மாவட்ட நீதிமன்றமே அதை நிறைவேற்றும் என்றும், அமெரிக்கத் தீர்ப்புக்கு இந்த வசதி இல்லை என்றும் பொறுமையாக விளக்கினார். விளக்கம் அருமை, ஆனால் கட்டணத்தை முன்கூட்டிச் சொல்லாததும், திருத்திய படியை ஆங்கிலத்தில் மட்டும் தந்ததும் குறைதான். அப்பச்சிக்கு நான்தான் வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன்.