மண்மேட்டிலிருந்து அளந்த நாலரை அடி

கடலூர்ப் பக்கம் வீட்டை ஒட்டி ஒரு அறை இழுத்துக் கட்டப் போகிறவர்கள், கடைக்கால் தோண்டும் அன்று அரை நாள் லீவு போட்டுவிடுங்கள். நான் போடவில்லை.

மாமியாருக்கு மூட்டுவலி, மாடி ஏற முடியாது. அதனால் தோட்டத்துப் பக்கம் 12க்கு 10 அடியில் ஒரு அறை எடுக்கலாம் என்று முடிவு செய்தோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு தெருவில் பாதிப் பேர் செய்ததைப் போல நாங்களும் பள்ளமாக இருந்த பின்பக்கத்தை மண் அடித்து 3 அடி தூக்கியிருந்தோம். கொட்டின மண் எத்தனை வருஷமானாலும் கொட்டின மண்தான், அதைத் தாண்டிப் பழைய தரையில்தான் அஸ்திவாரம் உட்கார வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே எங்கள் வேலையை எடுத்த மேஸ்திரிதான்! நாலரை அடி ஆழம், அடியில் 4 இஞ்ச் பி.சி.சி. (கம்பி கட்டாமல் போடும் கான்கிரீட்) என்று பேசி 30,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்.

தோண்டி முடித்த அன்று காலை நான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"யக்கா, ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போங்க."

கீழே ஆள் டேப்பைப் பிடிக்க, இவர் மேலே நின்று இழுத்துக் காட்டினார். சரியாக நாலரை. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அந்தப் போட்டோவை இப்போது பார்த்தால் வயிறு எரிகிறது. தோண்டின மண்ணையெல்லாம் குழியின் ஓரத்திலேயே கொட்டி வைத்திருக்கிறார்கள். ரெண்டடி உயரத் துவைக்கிற கல்லின் தலை மட்டும் அந்த மண்ணில் தெரிகிறது. டேப் அந்த மேட்டின் உச்சியிலிருந்து இறங்குகிறது.

அன்று ராத்திரி மழை. மறுநாள் குழியில் கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீர். இறைக்கவில்லை, திமிசு போட்டு அடிமண்ணை இடித்து இறுக்கவில்லை, அப்படியே கலவையைக் கொட்டினார்கள். கேட்டதற்கு, "தண்ணி இருந்தா காங்கிரீட் இன்னும் நல்லா இறுகும்க்கா" என்றார். செட்டான கான்கிரீட்டுக்குத்தான் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். கொட்டும்போதே அடியில் தண்ணீர் நின்றால் சிமெண்ட் பால் கரைந்து போய் ஜல்லியும் சேறும்தான் மிஞ்சும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மண் கதை தனி. மிச்ச மண்ணை அப்புறப்படுத்த என்று 2,000 ரூபாய் வாங்கினார். பேஸ்மெண்ட் நிரப்பக் கிராவல் என்று ஒரு டிராக்டர் லோடு வந்து இறங்கியது, அதற்கு 4,500. அதில் மாமியாரின் உடைந்த ஊறுகாய் ஜாடித் துண்டு கிடந்தது. எங்கள் மண்ணை எங்களுக்கே விற்றிருக்கிறார்.

கார்த்திகை மழை விட்டதும் பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடம் பிளந்தது. மேலே அஞ்சு ரூபாய்க் காசு நுழைகிறது, கீழே மயிரிழைதான். புது அறை வெளிப்பக்கம் சாய்ந்து இறங்குகிறது என்றார் தெரிந்த இன்ஜினியர். சுவர் ஓரமாக ஒரு குழி போடச் சொன்னார். 2¾ அடியிலேயே அஸ்திவாரம் முடிந்துவிட்டது. பி.சி.சி. 2 இஞ்ச் கூட இல்லை, விரலால் சுரண்டினால் உதிர்கிறது. அதற்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் பை, செங்கல் பொடி. நாங்கள் கொட்டின அதே மண்.

தோண்டுவதற்கு முன்பே பழைய சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, நூல் கட்டி, அந்த நூலிலிருந்து அளந்திருந்தால் அஞ்சு நிமிஷ வேலை. தோண்டின மண்ணை மூன்றடி தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். கரையும் சரியாது, டேப்பும் ஏமாற்றாது. பி.சி.சி. கொட்டுகிறவரை மீதிப் பணம் தராதீர்கள். நான் அதற்குள் முக்கால்வாசி கொடுத்துவிட்டேன், எழுத்தில் ஒன்றும் இல்லை.

மேஸ்திரிக்குப் போன் செய்தேன். "மழைக்கு எல்லா வீடும்தான் இறங்கும்க்கா, பட்டி வச்சுப் பூசிடலாம்" என்றார். அதற்குப் பிறகு எடுப்பதில்லை. மூன்று மூன்று அடியாக விட்டு விட்டுத் தோண்டி அடியில் கான்கிரீட் கொடுக்கலாம் என்கிறார் இன்ஜினியர். அதற்கு அவர் சொல்லும் தொகை, முதலில் கடைக்காலுக்குப் பேசியதைவிட அதிகம். மாமியார் கட்டில் இன்னும் ஹாலில்தான் கிடக்கிறது.